வாஷிங் மெஷினுக்குப் பின்னால்

ரொட்டி வண்டியின் எஞ்சினுக்குள் கிடைத்தவள்.
வலது காதில் கிரீஸ் இன்னும் போகவில்லை.
துர்க்கு நகரில், குளியலறையில் ஐந்து வாரம்
வைத்திருந்தும் ரைலி பார்த்ததெல்லாம்
ஒரு வால்நுனி, காலியான கிண்ணம்.

கேட்டு வந்தவர்கள் உண்டு.
இறகு கட்டிய குச்சியோடு ஒரு குடும்பம்.
"மடியில் உட்காருமா?" என்று
பூட்ஸைக் கழற்றும்போதே ஒருவர்.
எல்லோருக்கும் காபி கொடுத்து
அனுப்பிவைத்தாள் ரைலி.

வெய்யோ வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
படகுத்துறை இரவுவேலை முடித்து.
பூனை எங்கே என்று கேட்கவில்லை.
தரையில் அமர்ந்து மின்கட்டண ரசீதை
வரிவரியாய் வாசித்தார், தாழ்ந்த குரலில்.
முடிந்ததும் எழுந்து போனார்.
அடுத்த செவ்வாய், தண்ணீர் ரசீது.

மூன்றாவது செவ்வாய், ரசீதின் பாதியில்
தொட்டிக்கு அடியிலிருந்து
இரண்டு மீசைமுடி.
அவர் தலை தூக்கவில்லை.
தொகையை மட்டும் இரண்டாம் முறை படித்தார்.

கூடையோடு அனுப்பிப் பதினோரு நாள்.
பொறுக்காமல் ரைலிதான் போன் செய்தாள்.
"வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருக்கிறாள்."
"வெளியே வந்தாளா?"
"இல்லை."
"அப்புறம்?"
"அப்புறம் என்ன,
துணியைக் கையால் துவைக்கிறேன்.
காயத்தான் நேரமாகிறது, பனிக்காலம்."