ஏழும் இரண்டும்

நான் சீட்டுப் போடுகிறவள்.
வியாழன் இரவு ஏழு மணியிலிருந்து
கடைசி ஆள் எழும் வரை,
மதுக்கூடத்தின் பின்னறையில்.
மொன்டானாவில் ஜனவரி.
யாராவது கதவைத் திறக்கும்போதெல்லாம்
பனி ஒரு நடை உள்ளே வந்து
மேசையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

முகங்களைப் பார்ப்பதில்லை.
முகம் பொய் சொல்லப் பழகிவிடும்.
கட்டைவிரலுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

ராய்ஸ் பனிக்கலப்பை ஓட்டுகிறவன்.
முன்னால் என்ன கிடந்தாலும் தள்ளு,
இவ்வளவுதான் அவன் இலக்கணம்.
அவனிடம் தோற்றவர்களில் பாதிப் பேர்
சீட்டுக்குத் தோற்றவர்கள் இல்லை,
சத்தத்துக்கு.

வெர்னா யூரிச் ஏற்றவும் மாட்டாள், விடவும் மாட்டாள்.
"பார்க்கணும்" என்பாள், காசை வைப்பாள்,
பார்ப்பாள், தோற்பாள்.
"சரி, தெரிஞ்சுபோச்சு."
ஒரு மார்ச் மாதம்
ஸ்போகேன் வரை போய் வருகிறேன் என்று போன கணவன்
ஏன் வரவில்லை என்று அவளுக்கு
இன்றுவரை யாரும் சொல்லவில்லை.
அதையும் இதையும் நான் முடிச்சுப் போடவில்லை.
மேசையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கல்லூரிப் பையன் கெல்லன்
மடியில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தான்.
ஆளுக்கொரு பெயர் அதில்:
ராய்ஸ், புயல். வெர்னா, உண்டியல்.
ஆர்வோ லாட்டியின் பெயருக்கு நேரே
பாறை என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடு.

நியாயம்தான்.
ரயில்வேயில் நாற்பது வருடம் சிக்னல் பார்த்த மனிதர்.
பச்சை விழாமல் நகர மாட்டார்.
மூன்று மணி நேரம் தொடர்ந்து கவிழ்ப்பார்,
அதுவும் சீட்டின் ஓரம்
மேசையின் ஓரத்தோடு ஒட்டி நிற்கும்படி.
அவர் ஒரு தடவை ஏற்றினால்
மற்றவர்கள் கோட்டைத் தேடுவார்கள்.

அன்று பதினொன்றரை இருக்கும்.
இரண்டு சீட்டு வைத்தேன்.
அவர் கட்டைவிரல்
சீட்டின் மூலை வரை போய்
தூக்காமல் திரும்பியது.

முன்னால் இருந்த அத்தனையையும்
இரு கையாலும் நடுவில் தள்ளினார்.

ராய்ஸ் சீட்டை எறிந்தான்:
"கிழவன் கையில் ரெண்டு ராஜா."
கெல்லன் உதடு அசையக் கணக்குப் போட்டான்,
குறிப்பேட்டைப் பார்த்தான்,
ஜோடி ராணிகளை
கண்ணியமாகக் கவிழ்த்தான்.

"பார்க்கணும்" என்றாள் வெர்னா.

அவளிடம் ஒரு ஜாக்கி, ஒரு ஒன்பது.
அவர் திருப்பினார்:
இஸ்பேட் ஏழு, டைமன் இரண்டு.
மேசையிலேயே அதிகம் ஆச்சரியப்பட்டவர் அவர்தான்.
நான் விரித்த ஐந்தும் யாருக்கும் உதவவில்லை.
ஜாக்கிக்கு மொத்தமும் போயிற்று.

பதினொரு வருடத்தில் முதல் தடவை
ஆர்வோ சிரித்துக் கேட்டேன்,
துருப்பிடித்த கேட் திறக்கிற மாதிரி.

"ஏன்?" என்றாள் வெர்னா,
காசை இன்னும் இழுத்துக்கொள்ளாமல்.
அவர் தொப்பியைக் காது வரை இறக்கினார்.
"சிவப்பு எரியும்போது போனால்
என்ன ஆகும்னு..."
முடிக்கவில்லை. கதவு. பனி.

கெல்லன் பாறையை அடித்துவிட்டு
பேனா முனையை வெகுநேரம்
காகிதத்தின் மேலேயே வைத்திருந்தான்.

அடுத்த ஆட்டத்தில் பழக்க தோஷம்,
காலி நாற்காலிக்கும் இரண்டு சீட்டு போட்டுவிட்டேன்.
"அது என்னன்னு காட்டு" என்றாள் வெர்னா.
விதிப்படி கூடாது.
காட்டவில்லை.
நானும் பார்க்கவில்லை
என்று சொன்னால் அது பொய்.