பசை

திங்கட்கிழமை இரவுப் பணி.
மால்மோவில் பனி நின்று மழை பிடித்திருக்கிறது.
யோரான் என் கையில் ஒரு சுரண்டுகத்தியும்
ஆரஞ்சு வாடை அடிக்கும் திரவப் புட்டியும் தருகிறான்.
"மறுபடி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்,
பேரீச்சை அடுக்கு முழுக்க."
"யாராம்?" என்று கேட்கிறேன்.
நன்றாகவே கேட்கிறேன்.

சனிக்கிழமை மதியம்
இதே அடுக்கு, இதே கை.
ருவைதா காவல் நின்றாள்,
தயிருக்குக் காலாவதித் தேதி பார்ப்பவள் போல.
லொவீசா தள்ளுவண்டியில் தன் குழந்தையைக் கொண்டுவந்திருந்தாள்,
போர்வைக்கடியில் முந்நூறு ஒட்டுத்தாள்.
நாற்பத்தொரு பெட்டிகளுக்கு ஒட்டினோம்.
நாற்பத்திரண்டாவதில் குழந்தை வீறிட்டது.

இன்று மணிக்கூலிக்கு
அந்த நாற்பத்தொன்றையும் சுரண்டுகிறேன்.
நல்ல பசை.
"மலிவானது வேண்டாம், உரிந்துவிடும்" என்று
கூட்டத்தில் கை தூக்கிச் சொன்னவள் நான்தான்.

'வாங்க வேண்டாம்' என்பதில்
முதலில் உரிவது 'வேண்டாம்.'
'வாங்க' மட்டும் கொஞ்ச நேரம்
பெட்டிமேல் பல்லிளித்துக்கொண்டிருக்கிறது.

அடியில் பொடி எழுத்தில்: விளைந்த நாடு.
ஒரு பழத்துக்கு அது இருக்கிறது.
லெபனான் முகாமில் பிறந்து
இந்த ஊரில் முப்பது வருடம் பேருந்து கழுவிய
என் அப்பா தௌஃபீக்கின் அட்டையில்
அந்தக் கட்டத்தில் வெகுகாலம் இருந்தது
'நாடற்றவர்'.
தேன் எடுக்கும் ஏதோ பூச்சியின் பெயர் என்று
ஏழு வயதில் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் லூபியா.
அரபியில் காராமணிக்கும் அதே பெயர்.
வகுப்பில் சொன்னபோது ஒருத்தி கேட்டாள்,
"பயறுக்குள்ளேயா குடியிருந்தீர்கள்?"
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
ஊர் இருந்த இடத்தில் இப்போது பைன் மரங்கள்.
சீக்கிரம் வளரும் ஜாதி.
நிழலில் சுற்றுலா மேஜை போட்டிருப்பதாக
படம் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.
நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை.

மே பதினைந்தில் சதுக்கத்தில் கூடுவோம்,
ஆளுக்கொரு அட்டையில் ஓர் ஊரின் பெயர்.
போன வருடமும் மழை.
அப்பாவின் அட்டையிலிருந்து மை ஒழுகி
முழங்கை வரை லூபியா இறங்கிவிட்டது.
மேல்கோட்டைத் துவைக்கக் கொடுக்க மறுத்தார்.
"எழுபத்தைந்து வருடம் கழித்து
இப்போதுதான் ஊர் என்னிடம் வந்திருக்கிறது,
அதைப் போய் சோப்புப் போட்டு..."

நோன்பு திறக்க அவருக்கு உலர்ந்த பிளம்ஸ்.
பேரீச்சையை விட்டுப் பதினோரு வருடம்.
புளிக்கிறதென்று ஒருநாளும் சொன்னதில்லை.
முகம் மட்டும் ஒரு கணம் சுருங்கும்,
உடனே தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொள்வார்.

முப்பத்தேழாவது பெட்டியில்
கத்தி சற்று ஆழமாகப் போய்விட்டது.
வேண்டுமென்றில்லை.
ஒட்டுத்தாளோடு சேர்ந்து
அடியிலிருந்த நாட்டின் பெயரும் உரிந்து வந்தது.
வெள்ளையாக, முடிமுடியாக ஒரு செவ்வகம்.
யோரான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இதை விற்க முடியாது.
எங்கிருந்து வந்ததென்று இல்லாத சரக்கு,
சட்டப்படி கழிவு.
பதிவேட்டில் எழுதிவிடு."

எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்:
பிறப்பிடம் தெரியவில்லை.
ஸ்வீடிஷில் பிழையில்லாமல் நான் எழுதக் கற்ற
முதல் வாக்கியம் அது.
அப்பாவின் படிவங்களை நிரப்பியவள் நான்.

யோரான் வாசித்தான்.
பிறகு என் நகங்களைப் பார்த்தான்:
இன்றைய பசை ஈரமாக,
அதற்கு அடியில்
சனிக்கிழமைப் பசை, காய்ந்து, சாம்பல் நிறத்தில்.
ஒன்றும் சொல்லவில்லை.
காபி எடுத்து வருகிறேன் என்று போனான்.
இயந்திரம் பத்தடி தள்ளித்தான்.
நெடுநேரம் வரவில்லை.

இன்னும் நான்கு பெட்டிகள்.
கத்தி என்னிடம் இருக்கிறது.