சிவப்பு என்றால் வெளியே

கூரை ஒழுகுகிறதென்று நகரசபை என்னை அனுப்பியது.
ஏணி, ஈரமானி, ஒரு டார்ச்.
புத்தகம் எடுக்க இங்கே நான் வந்ததே இல்லை,
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாசல் நெற்றியில் ஆண்டு செதுக்கியிருக்கிறது: 1893.
ஹெல்ம்ஷாவின் பஞ்சாலைப் புகை
கல் மடிப்புகளில் இன்னும் குந்தியிருக்கிறது.
வாசல்கள் மூன்று.
ஆண்களுக்கு, பெண்களுக்கு, கமிட்டிக்கு.
கமிட்டி வாசலுக்கு மட்டும் மழைத்தடுப்பு.

பழைய வரைபடத்தை விரித்தேன்.
நடுவில் ஒரு மேசை,
சுற்றிலும் கண்ணாடித் தடுப்பு வைத்த அறைகள்.
ஒரு தலை திரும்பினால் அத்தனை தலையும் தெரியும்.
கட்டியவர் ஈனாக் ஹோல்ராய்ட்;
அதற்கு முன் கட்டியது சிறைச்சாலையாம்.
செய்தித்தாள் சாய்மேசைகளுக்கு நாற்காலி வரையவில்லை:
வேலை இல்லாதவன் உட்கார்ந்தால் தூங்கிவிடுவானே.
குதிரைப் பந்தயப் பத்தியின்மேல்
விடிந்ததும் மை உருட்டிவிடுவார்கள்.

மேலே இரும்பு மாடம்,
கொடியும் இலையுமாய் வார்த்த கைப்பிடி.
அழகுக்கு.
சூடு மேலே ஏறும் என்பது
நாற்பது எரிவாயு விளக்குகளுக்குத் தெரிந்திருந்தது,
ஹோல்ராய்டுக்குத் தெரியவில்லை.
மேல்தட்டுப் புத்தகங்களின் தோல் வெந்து
செம்பொடியாய் உதிர்ந்தது.

அதைத் துடைத்தவள் ஹெப்ஸிபா கிளெக்.
சம்பளப் பதிவேடு சொல்வது இவ்வளவுதான்:
வாரம் ஒன்பது ஷில்லிங், வாளி அவளுடையது.

வாசகர் அலமாரியைத் தொடக்கூடாத காலம்.
முன்கூடத்தில் ஆளுயரப் பலகை,
அதில் ஆயிரமாயிரம் தகரக் கட்டைகள், கட்டைக்கு ஓர் எண்.
நீலம் என்றால் உள்ளே.
சிவப்பு என்றால் வெளியே.
நீலமாய்ப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும்,
குதிரையைப் பார்க்காமல் விலை பேசுவதுபோல.
எல்லாப் புத்தகத்தையும் தொட்டவள் ஹெப்ஸிபா ஒருத்திதான்.
ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது;
வரி கட்டுகிற ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும்,
அவள் தெருவில் அப்படி யாரும் இல்லை.

இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு.
சதுப்புமேட்டுப் பாசிகளைப் பற்றிய நூல்.
ஆறு வருடமாய் நீலம்.
ஒரு மார்ச் இரவு, பலகையைத் துடைக்கும்போது
அந்தக் கட்டையைத் திருப்பி வைத்தாள்.

ஏனென்று கமிட்டி கேட்டது.
“துணி பட்டிருக்கும்” என்றாள்.
குறிப்பேட்டில் வேறெதுவும் இல்லை.

மறுநாளே ஒரு தறிக்காரர்,
அது யாரிடம் இருக்கிறது என்றார்.
வியாழக்கிழமை பாதிரியார் பெயர் பதிந்தார்.
சனிக்குள் ஐந்து பேர்.
ஊரில் பாசி பேசாத மதுக்கடை இல்லை.
புத்தகமோ மேல்மாடத்தில், கிழக்கு மூலையில்,
வைத்த இடத்தில் வைத்தபடி.
நூலகர் ஷார்ப்பிள்ஸ் அட்டைகளைப் புரட்டிப் புரட்டி
யாரும் எடுக்காததை எடுத்தவரைத்
தேடினார் பதினொரு நாள்.

அவளுக்கு அபராதம் இரண்டு ஷில்லிங். வேலை தப்பியது.
அப்புறம் நான்கு வருடம்
அந்தக் கட்டை நீலமாகவே இல்லை.

நான் ஏறி நிற்பதும் அதே கிழக்கு மூலை.
ஈயத்தகடு பிளந்திருக்கிறது,
சுவரில் இரண்டடிக்கு நீர்த்தாரை.
அதன் ஓரமாய்ப் பச்சையாய் ஏதோ,
தொட்டால் நாய்க்குட்டியின் காதுபோல.
அறிக்கையில் “படர்வு, அகற்றுக” என்று எழுதுவது வழக்கம்.
பெயர் தெரிந்தால் எழுதலாமே என்று
இறங்கிப்போய்க் கேட்டேன்.

மேசையில் இருந்த பெண் கணினியில் தேடினாள்.
இருக்கிறது, ஆனால் வெளியே என்றாள்.
எப்போதிலிருந்து?
திரையை ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று.

பதிந்து வைக்கட்டுமா?

என் பெயரை எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன்.