வரைவாகச் சேமிக்கப்பட்டது

பள்ளிப்பட்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே என் கடை.
தமிழில் ஜெராக்ஸ், தெலுங்கில் ஜிராக்ஸ்,
இரண்டுக்கும் ஒரே மெஷின், ஒரே தூசி.

பத்து மணிக்கே வரிசை நின்றுவிடும்.
நகரியில் தறி ஓட்டி இங்கே ரேஷன் வாங்குகிறவர்கள்.
காப்பீடு என்று சொல்ல வராது சிலருக்கு,
ஆஸ்பத்திரி கார்டு போடணும்க்கா என்பார்கள்.
அதுவே நல்ல பெயர்.
விரலை அழுத்து, இன்னும் அழுத்து.
நூல் தின்ற விரலில் ரேகை பிடிக்காது.
தலையில் தேய்த்துவிட்டு மறுபடி வை.
போன வாரம் மட்டும் நாற்பத்து மூன்று பேர்.
முன்பு போட்டுக்கொடுத்த ஒருத்தி
இருதயத்தில் குழாய் வைத்துக்கொண்டு வேலூரிலிருந்து திரும்பி
ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கீபோர்டு மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

என்னுடையது?

அரசுக் கார்டுக்கு ரேஷன் அட்டை வேண்டும்.
இருக்கிறது, ஆர்.கே. பேட்டையில், மாமனார் பீரோவில்.
குடும்பத் தலைவர் சௌடய்யா. மருமகள் தேவகுஞ்சரி.
வெளியே வந்து ஆறு வருஷம்.
என் பங்கு அரிசி இன்னும் அந்த உலையில்தான் வேகிறது.
பெயர் நீக்கும் மனுவில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
மற்ற பெண்களுக்கு நான்தான் நிரப்பித் தருகிறேன்:
'தனியாக வசித்து வருகிறேன்.'
மூன்றே சொல்.
எனக்கென்றால் விரல் நகராது.

பணம் கட்டி எடுப்பது இன்னும் சுலபம்.
ஒரு நாளைக்கு ரெண்டு டீக் காசுதான்க்கா என்பான் ஏஜென்ட் பரந்தாமன்.
அவன் குடிக்கிற டீக்கும் நான்தான் காசு கொடுக்கிறேன்,
அது வேறு கதை.
நான்கு பக்கம் வரை கை தானாக ஓடும்.
ஐந்தாம் பக்கத்தில்,
உடலில் கட்டி, வீக்கம் ஏதேனும் உண்டா?
ஆம், இல்லை.
இரண்டு சின்ன வட்டங்கள்.

சித்திரையில் குளிக்கும்போது கையில் பட்டது.
புளியங்கொட்டை அளவு. வலியில்லை.
ஆடியிலும் அதே புளியங்கொட்டை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.
தொட்டுப் பார்க்க நினைக்கிற அன்றைக்கென்று
தண்ணீர் நின்றுவிடுகிறது, யாராவது கதவைத் தட்டுகிறார்கள்.
ஆம் என்றால் சோதனைக்கு அனுப்புவார்கள்.
இல்லை என்றால் பின்னால் அதைக் காட்டியே கையை விரிப்பார்கள்.
பரந்தாமன் திருப்பாத பக்கம் அது, நான் படித்திருக்கிறேன்.

பயம் பணத்தில் இல்லை.
இப்போது அது வெறும் 'அது'.
பெயர் வைத்துவிட்டால்
கடைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்துகொள்ளும்,
ஜெராக்ஸும் கேட்காது, எழுந்தும் போகாது.

நேற்று ஷட்டரைப் பாதி இறக்கியபோது முனிகிருஷ்ணன் குனிந்து வந்தான்.
ஐந்தாம் பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.
நாள்பட்ட இருமல் உண்டா?
லேதக்கா, என்றான். சொல்லி முடிக்குமுன் இருமினான்.
நான் அவனைப் பார்த்தேன்.
அவன் திரையைப் பார்த்தான்.
'முதல்ல சோளிங்கர் போய் நெஞ்சைப் படம் எடுத்துட்டு வா,
தெரிஞ்சுக்கிட்டா ஒண்ணும் செத்துட மாட்டே.'
யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது.
'நீ போட்டுட்டியாக்கா?'
'ஆச்சு, எப்பவோ ஆச்சு.'
இருபது ரூபாய் வைத்தான். வேண்டாம் என்று தள்ளினேன்.
ஒன்றும் எழுதவில்லையே.

அவன் போனதும் என் பக்கத்தைத் திறந்தேன், தினமும் போல.
ஐந்தில் நின்றது.
கரண்ட் போனது.
தெருவே இருட்டு, திரை மட்டும் வெளிச்சம்,
மேஜைக்குக் கீழே யூ.பி.எஸ் கத்த ஆரம்பித்தது.
போன மாதம்தான் புது பேட்டரி போட்டேன்,
மூவாயிரத்து எழுநூறு, பேரம்கூடப் பேசவில்லை.
பத்து நிமிஷம் தாங்கும்.
விட்டு விட்டுக் கத்தியது,
பிறகு விடாமல் கத்தியது.

வரைவாகச் சேமி என்பதை அழுத்திவிட்டு
அன்றைய சில்லறையை எண்ணத் தொடங்கினேன்.