உபரி

டிக் விழுந்தது.
பீப்பாய் முனகவில்லை.
அதில்தான் விழித்தேன்.
காற்றின் கூச்சலில் தூங்கப் பழகியவள் நான்;
சுபுத் மேட்டுநிலத்தில்
காற்று அடங்கினால்தான் ஆள் எழுந்து உட்காருவாள்.

இருபத்தெட்டரை வோல்ட்டைத் தொட்டால் ஒரு டிக்:
மிஞ்சிய மின்சாரம்
தண்ணீர்ப் பீப்பாய்க்குள் கிடக்கும் சுருளுக்கு ஓடும்,
தண்ணீர் முனகத் தொடங்கும்.
இருபத்தாறுக்கு இறங்கினால் இன்னொரு டிக்.
அந்தப் பெட்டிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
அதற்கே ஒன்பது ஆட்டின் கம்பளியைக் கொடுத்தேன்.

டார்ச் அடித்துப் பார்த்தால்
முள் முப்பத்தொன்றில் நிற்கிறது.
பேட்டரிகள் உலைபோலக் கொதிக்கின்றன,
அறையெல்லாம் அமில நெடி.
சன்னலைத் திறந்துவிட்டுப்
பீப்பாயைத் தட்டினேன்.
வெறும் தகரம் பேசியது.
அடியில் ஓட்டை;
தண்ணீர் இல்லாமல் வெந்து
சுருள் எப்போதோ அறுந்திருக்கிறது.
பெட்டி தன் கடமையைச் செய்தது.
மறுமுனையில்தான் ஆள் இல்லை.

குடம் நிரம்பினால் வழியும்.
இது வழியாது, வேகும்.

பேட்டரியைக் கழற்றிவிடலாமா என்று போன கையை
இன்னொரு கையால் தட்டிவிட்டேன்.
பாரம் இறங்கிய சக்கரம் வெறிபிடித்துச் சுற்றும்;
வோல்ட் நூறைத் தாண்டி
டையோடுகளைப் பொரித்த பிறகே ஓயும்.
மூன்று கம்பியையும் ஒன்றாய் முறுக்கினால் பிரேக்.
அதெல்லாம் இளங்காற்றுக்கு.
இந்த வேகத்தில் முறுக்கினால்
சக்கரம் நிற்காது, செம்பு கருகும்.
பலத்த காற்றில் மடங்கவேண்டிய வாலோ
கீல் துருப்பிடித்து
விறைப்பாய் நிற்கிறது.
மார்ச்சில் கிரீஸ் போடுவதாக இருந்தேன்.
மார்ச்சில் என்னவெல்லாமோ செய்வதாக இருந்தேன்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளச் சொன்னவர்
இந்தக் காற்றைப் பார்த்ததில்லை.
இங்கே செலவழிக்கத் தெரியவேண்டும்.

கம்பளி லாரியை உடைத்து விற்றபோது
விற்காமல் வைத்திருந்த முகப்பு விளக்குகள்,
இருபத்துநாலு வோல்ட், பன்னிரண்டு.
சன்னலுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று,
கோழிக்கூட்டுக்கு மூன்று,
மிச்சத்தைக் கொடிக்கயிற்றில்.
இரண்டு பட்டென்று வெடித்தன.
பத்து எரிந்தன,
பனியில் கிடந்த ஒவ்வொரு புழுக்கைக்கும் நிழல் விழுமளவுக்கு.
சேவல் ஏமாந்து கூவியது.
முள் முப்பது.
கொஞ்சம் பொறு. இருபத்தொன்பதரை.

நாலரை மணிக்கு ஒரு பிக்கப்.
எவாரிஸ்தோ பிரிட்சார்ட்.
வேலி மூன்றடி தள்ளி நட்டது யார் என்பதில்
பதினோரு வருஷமாய் என்னிடம் பேசாத மனிதர்
வாளி, மண்வெட்டி, கம்பளிப் போர்வையோடு இறங்குகிறார்.
பன்னிரண்டு கிலோமீட்டரில் வேறு வெளிச்சமே கிடையாது.

"யார் செத்தது, டெல்ஃபினா?"

"யாரும் சாகலை. வோல்டேஜ் ஜாஸ்தி."

முள்ளைப் பார்த்தார். சுருளைப் பார்த்தார்.
காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு
வண்டியிலிருந்து வேலிக்கம்பி உருளை ஒன்றை
உருட்டி வந்தார்.
அதே கம்பி. அதே வேலிக்கு வாங்கியது.
எஃகு கொஞ்சம் தடுக்கும்;
நீளமாய் இழுத்தால் நிறையவே தடுக்கும்.
பதினேழு மார் அளந்து வெட்டி,
முற்றத்து மரக்கால்களில்
ஒன்றோடொன்று உரசாமல் போகவும் வரவும் கட்டி,
செத்த சுருளின் இரு முனையிலும் முறுக்கினோம்.

முதலில் கம்பிமேல் இருந்த பனி
கோடாய் உருகிச் சொட்டியது.
விளக்குகளை ஒவ்வொன்றாய்க் கழற்றினேன்.
இருபத்தெட்டு. இருபத்தேழு.
காற்றிடம் வாங்கியதைக்
காற்றுக்கே கொடுத்துக்கொண்டிருந்தது வேலிக்கம்பி.

இருபத்தெட்டு வோல்ட் ஆளைக் கொல்லாது.
கையுறையைக் கழற்றிவிட்டு
அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்,
இரண்டு கையாலும்.
தள்ளி நின்று நானும் பிடித்தேன்.
எந்த மூன்றடி என்று அவர் கேட்கவில்லை.
நானும் ஆரம்பிக்கவில்லை.

உள்ளே டிக்.
கம்பி மெல்ல ஆறியது.

"வால் ஏன் மடங்கலை?" என்றார்.

சொன்னேன்.
வண்டிக்குப் போனார்.
கிரீஸ் டப்பாவும் வைத்திருந்தார்.