மூன்றாவது கடன்

செஹா என்பார்கள் அந்த முனையை, புருவம்.
அங்கே நின்று பார்த்தால்
கிண்ணத்தில் கொட்டிய சில்லறைபோல
கீழே லா பாஸ் நகரம் மின்னும்.
பதினோரு வருஷம் அந்த வெளிச்சத்துக்குள்
மினிபஸ்ஸை இறக்கி ஏற்றியவன் நான்.
ஒரு விளக்கும் என்னுடையதில்லை.
மினிபஸ்ஸும்தான்.

வண்டிக்கு வங்கியில் ஒரு கடன்.
எஞ்சின் படுத்தபோது கூட்டுறவில் இரண்டாவது.
அதுவரை ஃபோர்துனாத்தாவுக்குத் தெரியும்.

ஜூனில், குழாய்த் தண்ணீர் உறைந்த ராத்திரி
மகன் லிம்பரின் கணக்கு நோட்டைப் பின்பக்கம் திருப்பி
நடுவே ஒரு கோடு இழுத்தாள்.
வரவு, செலவு.
பெட்ரோல், காஸ் சிலிண்டர், ரொட்டி,
லிம்பரின் மூக்குக்கண்ணாடி,
தலைவலி மாத்திரை, எனக்குத் தினம் ரெண்டு.
பீர் என்று எழுதிவிட்டு
என் முகத்தைப் பார்க்காமல் காத்திருந்தாள்.
நாற்பது என்றேன்.
எண்பது என்று எழுதினாள்.

கூட்டினாள். கழித்தாள். மறுபடி கூட்டினாள்.
"துண்டு விழும், தெரியும்.
இவ்வளவு பெரிய துண்டு விழாதே.
எங்கேயோ ஓட்டை."

ஓட்டை எதிரில் உட்கார்ந்திருந்தது
கம்பளித் தொப்பியைக் கழற்றாமல்.

மார்ச்சில் வாங்கியது, என்றேன்.
தவணை கட்ட ஒரு கடன்.
நூற்றுக்குப் பத்து, மாத வட்டி.
மூவாயிரத்து இருநூறு பொலிவியானோ.

தட்டில் கிழங்கு ஆறியது.
எழுந்து முற்றத்துக்குப் போனாள்.
வெளியே நாய் ஒன்று குரைத்து ஓய்ந்தது.
திரும்பி வந்து பேனாவை எடுத்தாள்.
"பேர்?"
"யார் பேர்?"
"கொடுத்தவன் பேர். எழுத வேண்டாமா?"

பதினோரு ராத்திரி சுவரைப் பார்த்துப் படுத்தாள்.
எதையும் எண்ணுகிற பழக்கம்
அப்போதுதான் எனக்கு வந்தது.

சந்தையில் சூடாக ஊதாச் சோளக் கஞ்சி விற்கிறாள் அவள்.
அங்கே ஒன்பது பெண்கள் போடுகிற சீட்டுக்கு
பசனாக்கு என்று பேர்.
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆளுக்கு இருநூறு,
சேர்ந்ததை ஒருத்தி எடுப்பாள்.
குலுக்கியதில் எங்களுக்கு ஏழாவது.
முதலாவது ப்ரிமித்திவாவுக்கு,
பழைய செருப்பு விற்பவள், ஒரு பல் தங்கம்.
தன் துண்டுக் காகிதத்தை
கஞ்சிப் பானையின் பக்கமாகத் தள்ளினாள்.
"என் கூரைக்கு மழை வரைக்கும் நேரம் இருக்கிறது.
உன் வட்டிக்கு ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது."
யார் சொன்னார்கள் அவளிடம் என்று
நான் கேட்கவில்லை.

ஆயிரத்து எண்ணூறு ஒரே நாளில் போயிற்று.
மிச்சத்தைச் சுரண்டினோம்.
டிவியை விற்றோம். லிம்பர் இரண்டு நாள் பேசவில்லை.
மாலைகளில் சவாரி கூவ அவளே வண்டியில் ஏறினாள்,
கஞ்சிக்குக் கூவிய அதே குரலில்.
ஆள் வைத்திருந்த கூலி மிச்சம்.
முன்சீட்டுச் சண்டைகளும் வீட்டுக்கு வராமல்
வண்டியிலேயே முடிந்தன.

மச்சினன் எவரிஸ்தோ கல்யாணம் வந்தது.
நாலு வருஷம் முன்பு எங்கள் விருந்தில்
அவன் வைத்த ஆறு பெட்டி பீர்
அவர்கள் வீட்டு நோட்டில் பத்திரமாக இருந்தது.
ரெண்டு பெட்டி வைத்தோம்.
நாலு பெட்டிக்கு
ரெண்டு நாள் பாண்டு வாத்தியக்காரர்களைச் சுமந்தேன்.
டியூபாவுக்குத் தனி சீட்.
எவரிஸ்தோ முகம் கொஞ்சம் கோணிற்று, பிறகு
நோட்டை எடுத்து அவனே அடித்தான்.

செப்டம்பரில் வட்டிக்காரன் பேர் மேல்
ஃபோர்துனாத்தா கோடு கிழித்தாள்,
தாள் கிழியும் அழுத்தத்தில்.
வங்கி இருக்கிறது இன்னும் இரண்டு வருஷத்துக்கு.
கூட்டுறவு இருக்கிறது.

அடுத்த ஞாயிறு வண்டி ஓடவில்லை.
ப்ரிமித்திவாவின் கூரையில் தகரம் அடித்தோம்.
இல்லிமானி மலை பார்த்துக்கொண்டிருக்க
என் கட்டைவிரலையும் சேர்த்து அடித்தேன்.

ராத்திரி நோட்டைத் திறந்து
'ஞாயிறு, ப்ரிமித்திவா கூரை' என்று தொடங்கினாள்.
வரவா செலவா, என்றேன்.
பேனா மூடியைக் கடித்தபடி இருந்தாள்.
பிறகு நடுக்கோட்டின் மேலேயே எழுதினாள்,
பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம்.

அதன் கீழே
பீர்: பன்னிரண்டு.
அது சரியான கணக்குதான்.