சிவப்பு மை

யானைக்கல் பக்கத்து மாடிச் சுவர் பற்றி
அறிக்கையில் எழுதியிருந்தேன்:
'இங்கே ஒரு விபத்து காத்திருக்கிறது.'

ஏ.இ. சிவப்பு மையில் சுழித்தார்.
இது இங்கிலீஷ். தமிழாகாது.
விபத்து என்ன, பஸ்ஸுக்கா காத்திருக்கும்?
'வாய்ப்புள்ளது' எனத் திருத்துக.

மறுபடி போய்ப் பார்த்தேன்.
விரிசலுக்குள் அரசங்கன்று விரல் விட்டிருந்தது.
கீழே பருத்திப்பால் வண்டி.
"இன்னைக்கோ நாளைக்கோங்குது சார்,"
டம்ளர் கழுவியபடி மொக்கச்சாமி.
தள்ளிப் போடலாமே என்றேன்.
"நெழலு இங்கதான சார் விழுது?"

திருத்தினேன். கையெழுத்தானது.

ஐப்பசி மழை, நாலேகால் மணி.
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்
ஒவ்வொன்றாய்க் கடந்து,
மொக்கச்சாமி சில்லறை மாற்றப் போனபின்
விழுந்தது.
அண்டா நசுங்கி, தெருவெல்லாம் பால்.

செங்கல்லைச் செருப்பால் புரட்டிப் பார்த்து
ஏ.இ. மெல்லச் சொன்னார்:
"காத்துத்தான்யா இருந்திருக்கு."